வணிகக் குறுஞ்செய்தியும் வாடிக்கையாளர் உரிமையும்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் தொழிலாளியின் செல்பேசிக்கு ஒரு நாளில் எத்தனையோ குறுஞ்செய்திகள் வருகின்றன. மனை விற்பனை, தனிக்கடன், நகைக்கடைத் தள்ளுபடி என அவற்றுள் பல அழையா விருந்தாளிகள். சம்பளம் வரவானதைச் சொல்லும் வங்கிச் செய்தியும் அவற்றின் நடுவேதான் இருக்கிறது. பதரோடு நெல்லையும் தூற்றிவிடும் ஆபத்து இதனால் உண்டாகிறது. ஆகவே, வணிகர் செய்தி அனுப்புவதற்குரிய நெறிகள் யாவை, அவற்றில் நமக்குள்ள உரிமை யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

பெயர்: முதல் நெறி, அனுப்புபவர் தம்மை மறைக்கலாகாது என்பது. டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, நிறுவனம் தன் பெயர்க்குறியையும் செய்தியின் வாசகத்தையும் முன்னதாகவே பதிவு செய்தல் வேண்டும். 2021 மார்ச் 8 அன்று வாசகங்களை ஒத்துப்பார்க்கும் முறை தொடங்கியபோது, பல நிறுவனங்கள் ஒழுங்காகப் பதிவு செய்யாமையால் ஓ.டி.பி. செய்திகள்கூட மக்களைச் சேராமல் நின்றன. மறுநாளே அம்முறை ஏழு நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. வணிகரின் அசட்டை வாடிக்கையாளரையே தாக்கும் என்பதற்கு இதுவே சான்று.

2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி, பெயர்க்குறியின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்கிறது. ‘பி’ விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ பணப் பரிவர்த்தனை, ‘ஜி’ அரசு. இந்நான்கையும் அறிந்தவர் செய்தியைத் திறக்குமுன்பே அதன் தன்மையை உணரலாம். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ‘வங்கி’ என்று வரும் செய்தியை ஐயுறவும் கற்றுக்கொள்ளலாம்.

சம்மதம்: விளம்பரச் செய்தியில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் வழியும் இருத்தல் வேண்டும் என்கிறது அதே திருத்தம். அவ்வாறு மறுத்தவரிடம் 90 நாட்களுக்குள் மீண்டும் சம்மதம் கேட்கலாகாது.

நேரம்: 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரச் செய்திகளைத் தடுத்தது. நல்ல விதிதான், ஆனால் உலகமெல்லாம் இரவில் உறங்கும் என்று அது கருதியது. எங்கள் பகுதியில் இரவு ஷிப்ட் முடித்து வரும் என் அண்ணன் கண்ணயர்வதே காலை 9 மணிக்குத்தான்! செல்பேசியை அணைத்து வைக்கலாமே என்பர் சிலர். அணைத்தால் சூப்பர்வைசரின் அழைப்பும் வராது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே விடுதிகளில் தங்கியிருப்போருக்குத் தாயின் அழைப்பும் வராது. 2018 விதிகளோ, விளம்பரம் வேண்டாத நேரத்தையும் நாளையும் வாடிக்கையாளரே தேர்ந்து பதிவு செய்ய இடமளிக்கின்றன. ஷிப்ட் தொழிலாளிக்கு இதனினும் பயனுள்ள விதி வேறில்லை எனலாம்.

மொழி: ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1120 பிட்டுகள். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டுகள் போதும்; ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 16 பிட்டுகள். எனவே 70 மட்டுமே அடங்கும். அதிலும் ‘கி’ என்னும் ஓரெழுத்தே இரண்டு இடம் கொள்ளும். தமிழில் எழுதினால் செலவு கூடுகிறது. இந்திக்கும் ஒடியாவுக்கும் இதே நிலைதான். ஆயினும் கடன் நிபந்தனையைப் பெறுபவர் அறியாத மொழியில் அனுப்பிவிட்டு, ‘தெரிவித்துவிட்டோம்’ என்பது நேர்மையாகாது. இதை வணிகரின் மனச்சான்றுதான் விதியாக ஏற்க வேண்டும்.

நம் கடமை: 1909 என்ற எண்ணுக்கு ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் விளம்பரங்களைத் தடுக்கலாம். விதி மீறிய செய்தி வந்தால், ஏழு நாட்களுக்குள் அதே எண்ணுக்கு முறையிடலாம். சட்டம் சாவியை வாடிக்கையாளர் கையில் தந்துவிட்டது. அது சாவி என்பதை அறியாதவர்களே நம்மைச் சுற்றி மிகுதி. கல்லூரிப் படிப்பின் பயனை நம் தெருவில் உள்ளோரும் பெற வேண்டுமன்றோ? மாணவர் ஒவ்வொருவரும் இவ்வாரம் பத்துப் பேருக்கேனும் இதனைக் கற்றுக் கொடுப்போமாக!