பழைய கணினியில் புதுப்பிப்பு ஏன் நகர மறுக்கிறது?

மாணவர்களே, அண்ணனோ அக்காளோ பயன்படுத்திய பழைய மடிக்கணினியில்தான் உங்களில் பலர் படிக்கிறீர்கள். மென்பொருள் புதுப்பிப்பு தொடங்கினால் மணிக்கணக்கில் ஓடுகிறது. உடனே 'லைன் சரியில்லை' என்கிறோம். அது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் கட்டம்: பதிவிறக்கம்

1 பைட் என்பது 8 பிட். ஆகவே 1 ஜிகாபைட் கோப்பு 8,000 மெகாபிட். ஈப்போவில் உங்கள் வீட்டு இணையம் வினாடிக்கு 10 மெகாபிட் தந்தால் 800 வினாடி, அதாவது சுமார் 13 நிமிடம் போதும். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டக் குடியிருப்பில் வேகம் 2 மெகாபிட்டாகக் குறைந்தால் 67 நிமிடம் ஆகும்.

இரண்டாம் கட்டம்: நிறுவுதல்

இறங்கிய கோப்பைக் கணினி பிரித்து, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைச் சரிபார்த்து மாற்றி எழுதுகிறது. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவினாடி. தேவையான தரவு படிக்கும் முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, ஏறக்குறைய 5.6 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி.

பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டியைக் கேளுங்கள். நிரையில் அடுத்தடுத்து நிற்கும் மரங்களைச் சீக்கிரம் வெட்டிவிடலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால் வெட்டும் நேரத்தைவிட நடக்கும் நேரமே அதிகம். சிதறிய கோப்புகளைத் தேடும் வன்தட்டின் நிலையும் இதுதான். எஸ்எஸ்டி வட்டில் சுழலும் பாகமே இல்லை. அதனால் அது பல மடங்கு வேகமானது.

தடை எங்கே?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'டிஸ்க்' 100 விழுக்காட்டில் நிற்க, 'நெட்வொர்க்' சுழியத்தை ஒட்டி இருந்தால் குற்றவாளி இணையம் அல்ல.

செய்ய வேண்டியவை

1. தற்காலிகக் கோப்புகளை அழித்து இடம் ஒதுக்குங்கள்.
2. மற்ற செயலிகளை மூடி, மின்னூட்டியைச் செருகி, இரவில் ஓடவிடுங்கள். நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.
3. வீட்டில் இரண்டு விண்டோஸ் கணினிகள் இருந்தால் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' அமைப்பை இயக்குங்கள். ஒன்று இறக்கியதை மற்றது வீட்டு வைஃபை வழியே பெறும்.
4. தடை வன்தட்டு என்றால், பாடக் கோப்புகளுக்கு நகல் எடுத்தபின் கடையில் கொடுத்து எஸ்எஸ்டி மாற்றலாம்.
5. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காவிட்டால், லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளத்திற்கு மாறலாம்.

நிறுத்தி வைத்தால் என்ன?

2017 மே மாதம் 'வான்னாக்ரை' தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! தாக்கப்பட்டவற்றில் பல, அதை நிறுவாத கணினிகள். மெதுவாக ஓடும் புதுப்பிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், நிறுத்திவிடக் கூடாது.

சிந்திக்க: நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில் சராசரிக் காத்திருப்பு எவ்வளவு? (விடை: சுமார் 4.2 மில்லிவினாடி)