மடங்கு பிடிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு

ஆறாம் வகுப்பில் காலெடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளே, காரணிகள், மடங்குகள் என்று உங்களுக்கு ஒரு பாடம் வரும். வாய்ப்பாட்டுக்கு இன்னொரு பெயர் போலிருக்கிறது என்று நினைத்து உங்களில் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அப்புறம் பின்னங்களைக் கூட்டும்போது விழிப்பீர்கள். பத்தாம் வகுப்பில் கூட்டுத்தொடர் வரிசை வரும்போது இன்னும் பெரிதாக விழிப்பீர்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்.

மனப்பாடம் கெட்டது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை வைத்துக்கொண்டு முழு எண்ணுக்கு மட்டுமல்ல, பின்னத்துக்கும் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். ஆனால் ஒப்பித்தால் மட்டும் போதாது. 7-இன் மடங்குகளைக் கேட்டால் 7, 14, 21 என்று 70 வரை மூச்சு விடாமல் சொல்வீர்கள். "70-க்கு அப்புறம்?" என்றால் பாதி வகுப்பு என் முகத்தைப் பார்க்கும், மீதி வகுப்பு கூரையைப் பார்க்கும். 70-உடன் இன்னொரு 7 சேர்த்தால் 77. அவ்வளவுதான் விஷயம். ஓர் எண்ணை எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் கிடைப்பது அதன் மடங்கு. பெருக்கும் எண்களுக்கு முடிவில்லை என்பதால் மடங்குகளுக்கும் முடிவில்லை.

காரணிகள் அப்படி இல்லை. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறே காரணிகள். பரீட்சையில் இரண்டும் குழம்பினால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: காரணி அந்த எண்ணைவிடப் பெரிதாக இருக்காது, பூச்சியத்தை விட்டுவிட்டால் மடங்கு அந்த எண்ணைவிடச் சிறிதாக இருக்காது.

2. பூச்சியத்தைத் தள்ளிவைக்காதீர்கள்.

7-ஐப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம். ஆகவே பூச்சியம் 7-க்கும் மடங்கு, எல்லா எண்ணுக்கும் மடங்கு. "முதல் ஐந்து மடங்குகளை எழுதுக" என்று கேள்வி வந்தால் 7-இல் தொடங்கி 35-இல் நிறுத்துங்கள். கேட்பவர் எதிர்பார்ப்பது அதைத்தான். பூச்சியம் இரட்டைப்படையா, ஒற்றைப்படையா என்று யாராவது வம்புக்கு வந்தால், "2-இன் மடங்கு, அதனால் இரட்டைப்படை" என்று சொல்லி வாயை அடையுங்கள்.

3. மடங்கோடு மடங்கைக் கூட்டினாலும் மடங்குதான். மடங்கிலிருந்து மடங்கைக் கழித்தாலும் மடங்குதான்.

மற்ற அறிவுரைகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதே.

1638 என்பது 7-இன் மடங்கா? வகுத்தல் கோடு போடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த, பக்கத்தில் இருக்கும் ஒரு மடங்கைப் பிடியுங்கள். 14 மடங்கு, ஆகவே 1400-உம் மடங்கு. கழித்தால் மிச்சம் 238. அதில் 210-ஐ எடுங்கள், மிச்சம் 28. 28 நாலேழு. எனவே 1638 மடங்குதான். எத்தனையாவது மடங்கு என்றும் கூடவே தெரிந்துவிட்டது: 200, 30, 4, ஆக 234-ஆவது. கேள்வி 1640 என்று வந்திருந்தால் 2 மிஞ்சியிருக்கும். அது மடங்கு அல்ல. அதற்குக் கீழே 1638, மேலே 1645 என்று இரண்டு பக்கத்து மடங்குகளையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

பவுனுக்கு 8 கிராம் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். 100 கிராம் தங்கம் எத்தனை பவுன் என்று பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். 80 கிராமுக்குப் பத்து, 16-க்கு இரண்டு, மிச்சம் 4 கிராமுக்கு அரை. பன்னிரண்டரைப் பவுன் என்று எழுதாமல் சொல்வார். அவர் செய்ததும் இதேதான்.

4. குறுக்குவழியைக் கற்றால் அதன் காரணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

கடைசி இலக்கத்தைப் பார்த்து 2, 5, 10 ஆகியவற்றின் மடங்குகளைக் கண்டுபிடிக்கிறோம். எப்படி? 10 என்பது இந்த மூன்றுக்கும் மடங்கு. ஆகவே எண்ணில் உள்ள பத்துகளையெல்லாம் தயங்காமல் கழித்துவிடலாம். மிஞ்சுவது ஒன்றாம் இலக்கம் மட்டும். 4-க்கு 10 உதவாது, 100 உதவும். அதனால் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்க்கிறோம். 8-க்கு 1000 வேண்டும், அதனால் மூன்று இலக்கங்கள்.

3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்டச் சொல்வார்கள். பிள்ளைகள் இதை மந்திரம் போலச் செய்கிறார்கள். 4572-ஐ எடுங்கள். 1000 என்பது 999-உம் 1-உம். 100 என்பது 99-உம் 1-உம். 10 என்பது 9-உம் 1-உம். நாலாயிரத்தில் நாலு 999-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 4. ஐந்நூறில் ஐந்து 99-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 5. எழுபதில் ஏழு 9-ஐ எடுத்தால் மிச்சம் 7. கடைசியில் 2. எடுத்ததெல்லாம் 9-இன் மடங்குகள். மிஞ்சியது 4 + 5 + 7 + 2, அதாவது 18. அதுவும் 9-இன் மடங்கு என்பதால் முழு எண்ணும் மடங்கு. மூன்றாவது அறிவுரைக்கு மேல் இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

7-க்குக் கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழிக்கும் ஒரு வழி உண்டு. வேண்டுமானால் கற்றுக்கொள்ளுங்கள், தெரிந்த மடங்கைக் கழித்துக்கொண்டே வருவது அதைவிட வேகம் என்பது என் கட்சி.

6-இன் மடங்கு என்றால் 2-க்கும் 3-க்கும் மடங்காக இருக்க வேண்டும் என்று படிப்பீர்கள். சரி. உடனே, 4-க்கும் 6-க்கும் மடங்காக இருப்பது 24-க்கும் மடங்கு என்று முடிவு கட்டாதீர்கள். 36 இரண்டுக்கும் மடங்கு, 24-க்கு இல்லை. 4-க்கும் 6-க்கும் 2 பொதுவாக இருப்பதால் வரும் வில்லங்கம் இது. 2-க்கும் 3-க்கும் அப்படிப் பொதுவாக ஒன்றுமில்லை.

லீப் வருடத்துக்கு 4-இன் மடங்கு என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நூற்றாண்டு வருடம் 400-இன் மடங்காகவும் இருக்க வேண்டும். 2000-இல் பிப்ரவரிக்கு 29 நாள். 1900-இல் 28 தான். 2100-இலும் 28 தான்.

5. "இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில்" என்று கேட்டால் இரண்டு முறை வகுத்து ஒரு முறை கழியுங்கள்.

100 முதல் 300 வரை 7-இன் மடங்குகள் எத்தனை? 105, 112 என்று விரல் விட்டு எண்ண வேண்டாம். 300 வரை 42 மடங்குகள், ஏனென்றால் 42 ஏழு 294. 99 வரை 14 மடங்குகள், ஏனென்றால் 14 ஏழு 98. 42-இல் 14 போக 28. இங்கே 100-ஐ வகுக்காமல் 99-ஐ வகுத்ததைக் கவனியுங்கள். 7-க்கு எதை வகுத்தாலும் விடை மாறாது. 10-இன் மடங்குகளைக் கேட்டிருந்தால் 100 என்கிற மடங்கே கணக்கிலிருந்து நழுவிப் போயிருக்கும்.

6. பொது மடங்கைத் தேடும்போது பெரிய எண்ணின் மடங்குகளில் தேடுங்கள்.

8, 12 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு கேட்டால் இரண்டு வரிசைகளையும் நீளமாக எழுதிப் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. 12-இன் மடங்குகளை மட்டும் சொல்லிக்கொண்டே வாருங்கள். 12, 8-க்கு ஆகாது. 24 ஆகும். முடிந்தது. இரண்டையும் பெருக்கி 96 என்று எழுதினால் அது பொது மடங்குதான், மீச்சிறியது அல்ல. மீப்பெரு பொதுக் காரணி 4; 96-ஐ அதனால் வகுத்தால் 24 வந்துவிடும்.

வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு மணி 60 நிமிடம். இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 120. அதாவது ஐந்து நாழிகையும் இரண்டு மணியும் ஒன்று. தமிழ் ஆண்டுப் பெயர்கள் பிரபவ முதல் அட்சய வரை 60. வியாழன் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டு. 12-க்கும் 30-க்கும் மீச்சிறு பொது மடங்கு 60. 1987-இல் பிரபவ பிறந்தது. மறுபடி 2047-இல் பிறக்கும்.

7. ஒரே அளவு தாவினாலும் தாவும் அளவால் வகுத்த மீதி வேறானால் சந்திப்பு கிடையாது.

கும்பகோணத்து மகாமகம் 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் வந்தது, அடுத்தது 2028. மூணாறு மலையில் குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்தது 2030. இரண்டுக்கும் 12 ஆண்டு இடைவெளி. இப்போது 12-ஆல் வகுத்துப் பாருங்கள். மகாமக ஆண்டுகள் நான்கும் 12-இன் மடங்குகள். அது தற்செயல்தான், மகாமகத்தை நிர்ணயிக்கும் வியாழனுக்கும் ஆங்கில ஆண்டுக்கும் உறவில்லை. குறிஞ்சி ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 2 மிஞ்சும். இரண்டும் பன்னிரண்டு பன்னிரண்டாகவே தாவிக்கொண்டிருந்தால் மீதி மாறாது, எத்தனை நூறு ஆண்டானாலும் ஒரே ஆண்டில் சேராது. வானம் மட்டும் நம் வகுப்புக்குக் கட்டுப்படாது. வியாழன் சுற்றிவர 12 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே எடுத்துக்கொள்வதால் எப்போதாவது 11 ஆண்டிலேயே மகாமகம் வந்துவிடும். மீதியைக் கவனிக்கும் இந்தப் பழக்கம் கூட்டுத்தொடர் வரிசை நடத்தும்போது உங்களுக்குச் சோறு போடும்.

8. ஒரு முறையாவது மடங்குகளை அடித்துப் பாருங்கள்.

1 முதல் 100 வரை பத்துப் பத்தாக எழுதுங்கள். 1-ஐ அடித்துவிடுங்கள். 2-ஐ விட்டுவிட்டு அதன் மற்ற மடங்குகளை அடியுங்கள். பிறகு 3, 5, 7 ஆகியவற்றுக்கும் அப்படியே. அடிபடாமல் மிஞ்சுபவை பகா எண்கள். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் இருந்த எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞரின் பெயரால் இதைச் சல்லடை என்கிறார்கள். 7-க்கு வரும்போது 49-இலிருந்து தொடங்கினால் போதும். 14, 21, 28, 35, 42 எல்லாம் முன்பே அடிபட்டிருக்கும். அதற்குப் பிறகு 7 புதிதாக அடிப்பது 49, 77, 91 மூன்றை மட்டும்தான். 11-க்குப் போக வேண்டியதில்லை, ஏனென்றால் 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121, நூறைத் தாண்டிவிட்டது.

கடைசியில் எண்ணிப் பாருங்கள். 25 எண்கள் மிஞ்ச வேண்டும். 26 வந்தால் 91-ஐ மறுபடி பாருங்கள். அது 7-உம் 13-உம் பெருக்கியது.