கடலில்லாத ஊரில் கப்பல் கட்டுகிறவனுக்கு

தாடிக்கொம்பு

அன்புள்ள மருமகன் கதிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து உங்கள் சித்தப்பா கொண்டுவந்த பெட்டியின்மேல் ‘விக்டரி’ என்று போட்டிருப்பதாகவும், பரீட்சை முடிந்த கையோடு வேலையைத் தொடங்கப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். பெட்டியைப் பிரித்துப் பார், தப்பில்லை. பாகங்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, குறையிருந்தால் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, மூடிப் பரணில் வைத்துவிடு. முதல் கப்பலாக அதைக் கட்டாதே.

விக்டரி 1765இல் தண்ணீரில் இறங்கிய ஆங்கிலப் போர்க்கப்பல். 1805இல் டிராஃபல்கர் சண்டையில் நெல்சன் உயிர்விட்டது அதில்தான். 104 பீரங்கிகள், மூன்று பாய்மரங்கள், கயிறு மட்டும் 42 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். இதைச் சிறிதாக்கினாலும் பீரங்கியின் எண்ணிக்கை குறையாதே! ஒரே மாதிரியான பீரங்கி வண்டிச் சட்டத்தை நூறு முறை செய்ய வேண்டும். ஒரே முடிச்சை ஆயிரக்கணக்கில் போட வேண்டும். கை பழகியவர்களுக்கே வருடக்கணக்கில் இழுக்கும். உனக்குக் கடினம் என்பதால் சொல்லவில்லை, சலித்துவிடும் என்பதால் சொல்கிறேன். பாதியில் நின்ற கப்பலைவிடப் பரணில் இருக்கும் பெட்டி மேல்.

முதலில் ஒரு படகு கட்டு. அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் மூன்று சிறு படகுகளைப் படிப்படியாகக் கட்டும்படி வரிசையாக வைத்திருக்கிறது: மீன்பிடி டோரி, நார்வே நாட்டுச் சிறு பாய்ப்படகு, சிங்கி இறால் பிடிக்கும் ஒற்றைப் பாய்மரப் படகு. டோரிக்குத் தட்டையான அடி, அகலப் பலகைகள் சில, அவ்வளவுதான். அதை முடித்தவனுக்குப் பலகை எப்படி வளையும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்கும். ஸ்பெயினின் ஆக்ரே நிறுவனத்துப் ‘போலாரிஸ்’ பெட்டியும் தொடக்கக்காரர்களை எண்ணிச் செய்ததே. ஒன்று மட்டும் பார்த்துக்கொள். இணையத்தில் பாதி விலைக்கும் கீழே பெரிய கப்பல் கிடைத்தால், பெரும்பாலும் அது இன்னொருவர் வரைந்த வரைபடத்தைத் திருடி வெட்டியதாக இருக்கும். அளவு பொருந்தாது, தொலைந்த பாகத்துக்கு மாற்றும் வராது. திருட்டு என்பதே போதாதா, வாங்காமலிருக்க?

இனி வேலைக்கு வருவோம்.

கப்பலின் முதுகெலும்பை நம் கடற்கரையில் கப்பல் கட்டும் ஓடாவிகள் ஏரா என்பார்கள். அதன்மேல் நிற்கும் விலா எலும்புகள் வங்கு. பெட்டியில் வருவது பிளைவுட்டில் லேசர் கொண்டு வெட்டிய ஏராவும், வங்குக்குப் பதிலாகக் குறுக்குத் தட்டுகளும். தட்டுகளைச் செருகும் அவசரத்தில் எல்லாரும் ஏராவைப் பார்க்க மறப்பார்கள். அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து பார். பிளைவுட் கொஞ்சம் முறுக்கியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, சமதளத்தில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை இரண்டு நாள் அடுக்கு. இந்தக் கோணலைப் பிற்பாடு எந்தப் பலகையாலும் நிமிர்த்த முடியாது. தட்டுகளை ஒட்டும்போது மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்.

அடுத்தது தட்டுகளின் விளிம்பைச் சரிவாகச் சீவுவது. கடிதத்தில் நீ கேட்காததும் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் இதுதான். லேசர் நேர்க்குத்தாக வெட்டுகிறது. பலகையோ அணியத்தை, அதாவது முகப்பை நோக்கிச் சாய்ந்து போகிறது. சீவாமல் ஒட்டினால் பலகை விளிம்பின் ஒரு முனையை மட்டும் தொடும். ஒட்டுப்பரப்பு இல்லை, பிடிமானம் இல்லை, கடைசியில் உடம்பு முழுக்க மேடுபள்ளம். ஒரு நீளக் கீற்றை எடுத்து மூன்று நான்கு தட்டுகளின்மேல் படியவிட்டுப் பார். எங்கே இடைவெளி தெரிகிறது, எங்கே முட்டுகிறது என்று அதுவே சொல்லும். வளையக்கூடிய பட்டைக் குச்சியில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தட்டுகளின்மேல் படும்படி தேய். தனித்தனியாகத் தேய்த்தால் ஒன்று குறையும், ஒன்று கூடும். பெட்டியோடு வரும் குறிப்பேட்டில் இதற்கு இரண்டு வரிகூட இருக்காது. நான் நாள்கணக்கில் இதில்தான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் அத்தை கேட்பாள், இன்னுமா தேய்க்கிறீர்கள் என்று.

பலகை வளைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். மரக்கீற்று தட்டைவாக்கில் எளிதாக வளையும், பக்கவாட்டில் வளையாது. இதை மறந்து பக்கவாட்டில் மடக்கி ஒட்டினால் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும். வளைவை நிலைக்க வைப்பது சூடு. தண்ணீர் அதற்குத் துணை. மரநார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகுகிறது. ஆறியதும் புது வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. ஆகவே கீற்றை அரைமணி ஊறவைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் மெல்ல வளைத்து, ஆறும்வரை பிடித்திரு. சூடு காட்டாமல் ஈரத்தோடு மட்டும் ஒட்டினால் காய்ந்ததும் கீற்று சுருங்கி, நடுவே கோடுகோடாக வாய் பிளக்கும்.

பக்கவாட்டில் வளையாத பலகையை எப்படிப் பொருத்துவது? கணக்கால். நடுத்தட்டின் விளிம்பை, மேல்தளம் முதல் ஏரா வரை, ஒரு காகிதப் பட்டையால் அளக்கிறாய், 60 மி.மீ. என்று வை. 5 மி.மீ. கீற்றானால் 12 பலகை. அணியத்தருகே அதே அளவு 42 மி.மீ.தான். அங்கும் 12 பலகை போய்ச்சேர வேண்டுமானால் ஒவ்வொன்றும் 3.5 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும். வெறும் தாளில் 3 மி.மீ. இடைவெளியில் 13 கோடு போட்டு, காகிதப் பட்டையைச் சாய்வாக வைத்து இரு முனையும் முதல், கடைசிக் கோட்டைத் தொடச் செய்தால், நடுக்கோடுகள் பட்டையைச் சரியாகப் பன்னிரண்டாகப் பிரித்துத் தந்துவிடும். 36 மி.மீ.க்குக் குறைவான இடத்துக்கு 2 மி.மீ. கோடு போட்டுக்கொள். பலகையின் அகலம் பாதிக்கும் கீழே போகிறதென்றால் ஒடுக்காதே. அந்த இடத்தில் இரண்டு பலகையை ஒன்றாக முடி. அமரத்தில், பின்பக்கத்தில், பல கப்பல்களுக்கு நேரெதிர்: இடம் கூடும், இடையே ஆப்பு மாதிரி ஒரு துண்டு சேர்க்க வேண்டிவரும். வலப்பக்கம் ஒரு பலகை என்றால் உடனே இடப்பக்கமும் ஒன்று. ஒரே பக்கமாக ஏற்றிக்கொண்டே போனால் ஏரா வளைந்துவிடும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு வேண்டாம். கூர்மையான கத்தி, எஃகு அளவுகோல், கையால் திருகும் சிறு துளைப்பான், துணி காயப்போடும் கிளிப், வெள்ளை ஃபெவிகால். வழிந்த பசையை அப்போதே ஈரத்துணியால் துடை; பசை பட்ட இடத்தில் பாலிஷ் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். ஃபெவிகுவிக்கை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள். அரம் விஷயத்தில் நமக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்காரர்கள் சாவியின் பல்லைச் சீவ வாங்கும் ஊசி அரங்களே போதும்; எது நல்ல அரம் என்று அவர்களைக் கேட்டு வாங்கு.

நூலுக்கும் வெளியூர் போக வேண்டாம். திண்டுக்கல்லைச் சுற்றி நூற்பாலைகள் எத்தனை! பெட்டியோடு வரும் நூல் பெரும்பாலும் பஞ்சு பறக்கும் ரகம். மெல்லிய நூல் மூன்று இழை எடுத்து, நூலுக்கு ஏற்கெனவே இருக்கும் முறுக்கை இன்னும் கூட்டு. பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கு. ஒன்று பிரியப் பார்க்கும்போது மற்றது இறுகும், அதனால் கயிறு கயிறாகவே நிற்கும். கைத் துளைப்பானின் வாயில் ஒரு கொக்கி மாட்டினால் முறுக்கு யந்திரம் தயார். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் பஞ்சு படிந்துவிடும். பாய்மரத்தை அசையாமல் பிடித்திருக்கும் நிலைக்கயிறுகளுக்குக் கறுப்பு, பாயை ஏற்றி இறக்கும் ஓட்டக் கயிறுகளுக்கு வெளிறிய பழுப்பு. அழகுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. மழையில் நின்றே கிடக்கும் கயிற்றுக்குத் தார் பூசினார்கள். கப்பியில் ஓடவேண்டிய கயிற்றில் தார் அப்பினால் ஓடாது. ஒவ்வொரு நூலும் எந்த வேலைக்கு என்று கேட்டுக்கொண்டே கட்டு. வேலை தெரியாமல் கட்டும் கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பது ஒருபோதும் நினைவில் நிற்காது.

இந்த ஊரில் என்னிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “கப்பலை எங்கே விடப்போறீங்க, குடகனாத்துலயா?” அந்த ஆற்றில் தண்ணீர் வந்தால் சொல்லுங்கள் என்பேன். ஆனால் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. பெட்டியில் வருபவை பெரும்பாலும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் கட்டிய கப்பல்கள். தூத்துக்குடியில் நிற்கும் தோணிக்குப் பெட்டி எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே பெட்டிக் கப்பல் உனக்குப் பள்ளிக்கூடம் மட்டுமே. அங்கே கற்றதை வைத்து, யாரும் விற்காததைக் கட்ட வேண்டும். உனக்காக நான் இரண்டை மனத்தில் வைத்திருக்கிறேன்.

ஒன்று, மசூலா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னையில் கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் அலைக்குள் புகுந்து கரைக்குக் கொண்டுவந்தது மசூலா. ஆணியடித்த படகு அந்த அலையில் மணலில் மோதி உடையும். மசூலாவுக்கு ஆணியும் இல்லை, வங்கும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் நார்த்திணிப்பு வைத்தார்கள். மோதினால் நெளியும், உடையாது. ஏறத்தாழ 30 அடிப் படகை 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 38 செ.மீ. வரும். அதற்கு வரைபடமும் இருக்கிறது. ஃப்ரான்சுவா எத்மோன் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, போன துறைமுகத்திலெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். புதுச்சேரியில் ஓர் இயந்திரத்தில் சிக்கி இடது கையை இழந்த பிறகும் நிறுத்தவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கப்பல் கட்டுமானத்தைப் பற்றி 1840களில் அவர் வெளியிட்ட பெருநூலில் சோழமண்டலக் கரைப் படகுகளும் அளவோடு இருக்கின்றன. பிற்காலத்தில் பாரிஸ் நகரத்துக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்று, அந்த வரைபடங்களிலிருந்து மாதிரிகளும் செய்யவைத்தார். நாம் செய்யப்போவதை அவர் முன்பே செய்துவிட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மற்றது அன்னபூரணி. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் தமிழ் ஓடாவிகள் வேப்ப மரத்தில் கட்டிய, 89 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரக் கப்பல். சிறு பாய்ப்படகில் முன்பே உலகைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரால் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிப்போய் 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். முன் பாய்மரத்தில் குறுக்குப் பாய்கள், பின் பாய்மரத்தில் நீளவாக்குப் பாய். ஐரோப்பியர் பிரிகன்டைன் என்பது இந்த அமைப்பைத்தான். மசூலா முடிந்ததும் அதே அமைப்புள்ள ஐரோப்பியப் பெட்டி ஒன்றைக் கட்டினால், அன்னபூரணியின் கயிறு எதுவும் உனக்குப் புதிதாக இருக்காது. 64இல் ஒரு பங்காக்கினால் உடம்பு 42 செ.மீ., தளத்தில் நிற்கும் மாலுமி இரண்டரை செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டுவான்.

அது வேப்ப மரக் கப்பல் என்பதால் மாதிரியையும் வேம்பில் செய்யலாமா என்று கேட்பாய். வேண்டாம். மரத்தின் ரேகை சுருங்காது. 64 மடங்கு பெருக்கிப் பார்த்தால் வேம்பின் ரேகையும் தேக்கின் துளைகளும் விகாரமாகத் தெரியும். நுண்ணிய ரேகையுள்ள மஞ்சக்கடம்பு கிடைத்தால் கடைசல் பட்டறையில் கேட்டு மெல்லிய கீற்றாக அறுத்து வாங்கு. மசூலாவுக்கு மாமரமே சரி. அசலும் பெரும்பாலும் அதுதான்.

முடிந்தால் ஒருமுறை கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூருக்குப் போய்விட்டு வா. அங்கே உரு என்ற பெருங்கப்பலைக் கட்டும் தச்சர்கள் முதலில் பலகையைச் சேர்த்துக்கொண்டு, வங்கைப் பிறகுதான் உள்ளே வைப்பார்கள். தாளில் வரைபடம் கிடையாது. தலைமைத் தச்சரின் கண்ணும் நினைவும்தான். உருவின் சிறு மாதிரிகளையும் அங்கே செய்து விற்கிறார்கள். பெட்டி நமக்குக் கற்றுத் தரும் வரிசை ஒன்றே வரிசை இல்லை என்று அங்கே பார்த்தால் விளங்கும்.

மசூலாவுக்காக எத்மோன் பாரிஸின் வரைபடத்தை நகல் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஜெராக்ஸ் கடை இயந்திரம் சொல்லாமலே கொஞ்சம் சுருக்கும். தாளில் உள்ள அளவுக்கோட்டை எஃகு அளவுகோலால் அளந்து பார்த்த பிறகே மரத்தில் ஒட்டி வெட்டு. டோரிக்குத் தட்டுகளைச் சீவி முடித்ததும், பலகை ஒட்டுவதற்கு முன்பாக, இங்கே எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம். தேய்பிறை அஷ்டமியன்று மட்டும் வராதே. அன்று பைரவர் பூஜைக்குச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் கூட்டம் அலைமோதும், பஸ்ஸில் உன் படகு நசுங்கிவிடும்.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா