அடுத்த வருடமும் ஹட்டனுக்குப் போகலாமா?

கேள்வி: விடுமுறையில் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு வாரம் தொண்டு செய்தேன். பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) பெயின்ட் அடித்தோம், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோம். யாருக்கு என்ன பயன் என்று மனசு உறுத்துகிறது. மறுபடி போகலாமா?
– வாசகி, லண்டன்

போங்கள் தங்கச்சி. ஆனால் பெயின்ட் வேலையை லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) இளைஞர்களிடம் விடுங்கள், கூலியும் அவர்களுக்கே சேரட்டும். பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தில் பிரிந்துபோகிற அக்காவைவிட வருடம் முழுக்க வருகிற டீச்சர்தான் தேவை. உங்கள் விமானச் சீட்டுக் காசில், அங்கேயே படித்து வந்த ஒருவருக்குப் பல மாதம் மாலை வகுப்புச் சம்பளம் கொடுக்கலாம்.

வெளியூர்க்காரர் உதவவே கூடாது என்றில்லை. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டார். கண்டதோடு நின்றுவிடவில்லை, பின்னர் இலங்கையிலேயே தங்கி 1931இல் தொழிலாளர் சங்கம் கட்டினார். மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். அந்த மக்களே என்ன கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் கேட்டவை காணி, வீடு, சம உரிமை. சுவருக்குச் சாயம் அந்தப் பட்டியலில் இல்லை.

சீட்டுப் போடுமுன் பிள்ளைக்காம்பரா டீச்சருக்கும் அம்மாமாருக்கும் போன் பண்ணி, என்ன வேண்டும் என்று கேளுங்கள். காணி விஷயமாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னால், அதை லண்டனிலிருந்தே இன்று ராத்திரி எழுதிவிடலாம்.