மழுங்கிய கருவி, வலிக்கும் பெருவிரல்

கேள்வி: கொச்சிக்கடையில் தனியார் பல் கிளினிக் ஒன்றில் பல் வைத்தியராக இருக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் நிறைய வருவார்கள். வெற்றிலைக் கறையும் இறுகிய காரையும் சுரண்டி முடிய, பின்னேரம் பெருவிரல் அடியில் ஒரே வலி. சித்தாலேப பூசியும் பார்த்தாயிற்று. மணிக்கட்டுப் பட்டி வாங்கலாமா, டொக்டர்?

பதில்: பட்டி வாங்குமுன் உங்கள் கியூரெட்டை விளக்குக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பில் ஒளி படிந்து தெரியாது. மழுங்கியதில் மெல்லிய வெள்ளைக் கோடொன்று மினுங்கும். விளிம்பு உருண்டு போனதன் அடையாளம் அது. அப்படியான கருவி காரையைக் கடிக்காமல் வழுக்கும். வழுக்குவதை அமுக்கிப் பிடிக்கத்தான் உங்கள் பெருவிரல் நாள் முழுக்கப் பாடுபடுகிறது. இதில் நோயாளிக்கும் நட்டம்: அமுக்கித் தேய்த்த காரை பெயராமல் வழவழப்பாகிவிடும், பிறகு எக்ஸ்ப்ளோரருக்கும் அகப்படாது. வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே தனித் தொழிலாளர் உண்டு. இங்கே பெரும்பாலும் வைத்தியரே சுரண்ட வேண்டியிருப்பதால் மழுங்கிய கருவியைச் சாணை பிடிப்பது யார் பொறுப்பு என்றே தெளிவில்லாமல் போகிறது.

கைப்பிடியை மாற்றினால் போதாதா என்பீர்கள். உதவும்தான். 2006இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 10 மில்லிமீட்டர் தடிப்பும் 15 கிராம் எடையும் கொண்ட கைப்பிடிக்கே தசைச்சுமை மிகக் குறைவாக இருந்தது. ஆனால் தடித்த கைப்பிடியின் நுனியிலும் மழுங்கிய விளிம்பு மழுங்கியதே. அல்ட்ராசோனிக் ஸ்கேலர் பாரத்தைக் குறைக்கும், கடினக் காரைக்கு அதையே முதலில் எடுங்கள்; அதையும் இறுக்கிப் பிடித்தால் பெருவிரலுக்கு ஓய்வில்லை. தீட்டத் தீட்டக் கருவி தேயுமே, இறக்குமதி விலை இருக்கிற இருப்பில் கட்டுமா என்பதுதான் நியாயமான மறுப்பு. இலேசாக மழுங்கும்போதே கல்லில் சில இழுப்புகள் இழுத்தால் மிகக் கொஞ்ச உலோகமே போகும். முழுக்க மழுங்கவிட்டால்தான் நிறையத் தேய்க்க வேண்டிவரும். கல்லுக்கும் கருவியின் முகத்துக்கும் இடையே 100 முதல் 110 பாகை இருக்கட்டும். கிரேசி கியூரெட்டில் வேலை செய்வது ஒரு விளிம்பு மட்டுமே, மற்றதைத் தொடாதீர்கள். அலகு மெலிந்துவிட்டால் தயங்காமல் எறியுங்கள், ஈறுக்குள் முறிந்தால் பெருந்தொல்லை. தீட்டிய கருவி ஓட்டோகிளேவில் போகாமல் வாய்க்குள் போகக் கூடாது.

இவ்வளவும் செய்தும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் விறைத்தால் அது மணிக்கட்டு நரம்பின் விஷயமாக இருக்கலாம். அதற்குப் பட்டியை நீங்களாகக் கட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.