மலைக்காட்டு மண்ணும் நமது உரக் கணக்கும்

மலை மண் யாவும் ஒரே தன்மையது என்று எண்ணி, எல்லா நிலங்களுக்கும் ஒரே உரத்தை இடும் வழக்கம் நம் அங்கத்தினர் பலரிடம் உண்டு. இது பயிருக்கும் நன்மையன்று. கடன் பெற்று உரம் வாங்கும் அங்கத்தினருக்கும் நன்மையன்று. மண்ணின் சத்து இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது என்பதை நீலகிரிக் காடுகளைக் கொண்டு அறிவோம்.

நீலகிரி மலைத்தொகுதியின் பெரும்பகுதிக்கு அடிப்படை சார்னோக்கைட் என்னும் கடும்பாறையே. ஆயினும் வடக்கே சீகூர்ப் பீடபூமியின் மண்ணும் உச்சியிலுள்ள சோலைக்காட்டு மண்ணும் ஒன்றல்ல. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, உயரம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி சென்டிகிரேடு குறைகிறது. தொட்டபெட்டாச் சிகரமோ 2,637 மீட்டர் உயரமுடையது. உச்சியின் குளிரில் சருகுகள் மெல்லவே மட்குகின்றன. ஆதலால் சோலையின் மேல்மண் மட்கு மிகுந்து கறுத்திருக்கிறது. அதில் தழைச்சத்து மிகுதி. ஆனால் பெரும்பகுதி மட்கினுள் அடைபட்டுச் சிறிது சிறிதாகவே வேருக்குக் கிட்டும். கீழ்க்காட்டில் சருகு மழைக்காலத்தில் விரைந்து மட்குகிறது. கோடைத் தீயும் அதனை எரிக்கிறது. ஆகவே அங்கு மட்கு அதிகம் தங்குவதில்லை.

இரண்டாவது, மழை. தென்மேற்குப் பருவமழை நேரே தாக்கும் மேற்குச் சரிவுகளில் நீரானது சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்து ஆகியவற்றைக் கரைத்துச் செல்கிறது. மண்ணில் புளிப்பு மிகுகிறது. புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொள்வதால், அது மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை. மழை மறைவிலுள்ள சீகூர்ப் பகுதியில் இக்கரைவு குறைவு.

மூன்றாவது, சரிவு. மேட்டில் அரிக்கப்பட்ட நுண்மண் பள்ளத்தில் படிகிறது. ஒரே காட்டிலும் மேட்டு மண் மெலிந்தும் பள்ளத்து மண் தடித்தும் இருப்பது இதனாலேயே.

சோலையின் வளம், மரங்கள் உதிர்த்ததை மரங்களே மீண்டும் உண்ணும் சுற்றினால் நிலைப்பது. காடு அகன்று உருளைக்கிழங்கு பயிராகும் நிலத்தில் அச்சுற்று அறுந்துவிடுகிறது. அறுவடைதோறும் சத்து வண்டியேறி வெளியே செல்கிறது. எனவே கறுத்த மண் என்றும் வற்றாது என நம்பி எருவைக் குறைத்தல் தகாது.

அங்கத்தினர்கள் உரக்கடனுக்கு மனுச் செய்யுமுன் மண்ணைப் பரிசோதித்தல் வேண்டும். மேடு, சரிவு, பள்ளம் ஆகியவற்றின் மண்ணைத் தனித்தனியே எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் குழி வெட்டி, அதன் பக்கமண்ணைச் சுரண்டி எடுக்கவும். அதனை நன்கு கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தி, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பவும். எருக்குவியல், வரப்பு, மரநிழல் உள்ள இடங்களை விலக்கவும்.

புளிப்பு மிகுதியென முடிவு வந்தால், காய்கறி நிலத்துக்கு முதலில் சுண்ணாம்பும் பின்னர் உரமும் இடுதல் முறை. தேயிலை புளிப்பு மண்ணையே விரும்புவதாதலின், அதற்குக் காய்கறி நிலத்தின் அளவைப் பின்பற்றலாகாது.

சங்க நிர்வாகிகள் இம்முடிவுகளைத் தொகுத்து உரக் கொள்முதல் பட்டியலைத் தயாரிப்பார்களாக. அவ்வாறு செய்தால், வேண்டாத உரம் கிடங்கில் தேங்காது. அங்கத்தினரின் கடனும் பயனின்றி வளராது.