தலை சுற்றுகிறதா? காதையும் கவனியுங்கள்



வீரகேரளம்புதூர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களிடம் என்ன செய்கிறது என்று கேட்டால், "கிறுகிறுன்னு வருதுய்யா" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறோம். இந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எழுந்து நிற்கையில் கண் இருட்டுவது ஒன்று. நடையில் தள்ளாடுவது இன்னொன்று. வீடும் கூரையும் சுழல்வதாகத் தோன்றுவது வேறொன்று. வீட்டிலோ எல்லாவற்றுக்கும் "பித்தம்" என்று ஒரே பெயர் வைத்து, இஞ்சிச் சாறு கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

சுழற்சிக்குப் பெரும்பாலும் காரணம் உட்காது. அங்கே நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அந்த நீர் அசைந்து, மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர், காதில் குளிர்ந்த நீர் பீய்ச்சினால் நோயாளிக்குத் தலை சுற்றிக் கண்கள் துடிப்பதையும், வெந்நீர் விட்டால் அந்தத் துடிப்பு எதிர்த்திசைக்கு மாறுவதையும் கண்டு, அதன் காரணத்தை விளக்கினார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு தமக்கே என்ற செய்தி, ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்த அவரிடம் போய்ச் சேர்ந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்து நிற்கிற சிலருக்குக் கிறுகிறுப்பு வருவதும் இதே வகைதான். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் காதில் நீர் போகவிடவே கூடாது.

இனி முதியோரிடம் நாங்கள் மிகுதியாகக் காணும் வகைக்கு வருவோம். உட்காதின் ஓர் அறையில் சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை கழன்று குழாய்க்குள் விழுந்தால், படுக்கையில் புரளும்போதும் பரணை அண்ணாந்து பார்க்கும்போதும் உலகமே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். ஆனால் பயம் நிற்காது. பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயார், "படுத்தா கூரையே விழுற மாதிரி சுத்துதுய்யா" என்று சொல்லி, மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார்கள். பேய்க்கோளாறு என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால், ஜெபிக்கும்படி எங்களிடம் அழைத்து வந்தார்கள். ஜெபித்தோம், உடனே காது மருத்துவரிடமும் அனுப்பினோம்.

அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை அந்தத் தாயாருக்குச் செய்யப்பட்டது. கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, கோளாறுள்ள வலது காதின் பக்கம் தலையை 45 பாகை திருப்பி, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி படுக்கவைப்பார்கள். சுற்றல் வரும், அடங்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு தலையை இடப்பக்கம் திருப்பி, அதன்பின் உடம்பையும் இடது தோளின்மேல் புரட்டி, முகம் தரையைப் பார்க்கவைத்து, கடைசியில் மெல்ல எழுப்புவார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமாவது நிறுத்த வேண்டும். மணிகள் வந்த வழியே உருண்டு வெளியேறிவிடும். பலருக்கு ஓரிரு தடவையிலேயே குணம் கிடைக்கிறது. சிலருக்குப் பின்னாளில் திரும்பவும் வரலாம், திரும்பவும் செய்யலாம். எந்தக் காது என்று மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். 1980களில் எப்லியைச் சக மருத்துவர்களே நம்பவில்லை. 1992இல் அவரது கட்டுரை வெளியான பிறகுதான் இந்த முறை பரவியது. இதற்கு வேண்டியது ஒரு கட்டிலும் பழகிய இரண்டு கைகளும்தான். புதிய இயந்திரம் எது வாங்கலாம் என்று அன்போடு விசாரிக்கிற பங்காளர்களிடம் இதையும் சொல்ல விரும்புகிறோம்.

மாத்திரை விஷயத்தில் எங்களுக்கு மிகுந்த கவலை உண்டு. ஸ்டெமெட்டில், சின்னாரிசின் போன்றவை கடும் சுற்றலுக்கும் வாந்திக்கும் சில நாள் உதவும். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் விழுங்கினால், முதியவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரக்கூடும். தங்கள் பெற்றோரின் மாத்திரைப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

காது அடைப்பும் இரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்து மணிக்கணக்கில் சுற்றினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். அதற்கு ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். எழும்போது மட்டும் கண் இருட்டினால் இரத்தசோகை, நீர்ச்சத்துக் குறைவு, பிரஷர் மாத்திரையின் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். படுக்கையிலிருந்து எழுமுன் ஒரு நிமிடம் விளிம்பில் உட்காருங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். சுற்றல் உள்ள நாட்களில் ஏணியும் கிணற்றடியும் மொபெட்டும் வேண்டாம்.

சுற்றலோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், இரட்டையாகத் தெரிதல், ஒரு பக்கம் மரத்துப்போதல், நிற்கவே முடியாமை, திடீரென்று கடும் தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அது பக்கவாதமாயிருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். விடியட்டும் என்று காத்திராமல், போதகரையும் தேடிப் போகாமல், முதலில் 108ஐக் கூப்பிடுங்கள். எங்களுக்குப் பிறகு சொல்லியனுப்பலாம். ஆஸ்பத்திரிக்கே வந்து ஜெபிப்போம்.